ஒட்டுத் துணியில் ஒரு பூ



உங்கள் வீட்டில் கட்டிலுக்குக் கீழேயோ அலமாரியின் அடித்தட்டிலோ ஒரு துணி மூட்டை இருக்கும். பிள்ளைக்குச் சின்னதாகிப் போன சட்டை, ஓரம் நைந்த கைலி, தீபாவளிக்குத் தைத்தது போக மிஞ்சிய துண்டு, அம்மா கட்டிக் கிழிந்த நூல் சேலை என்று எல்லாம் அதில் கிடக்கும். தூக்கி எறிய மனம் வராது. வைத்திருந்தும் ஒரு பயன் இல்லை. அந்த மூட்டையை அவிழ்க்கச் சொல்லத்தான் இன்று நான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

பால் மரக் காட்டில் பாடுபட்ட குடும்பங்களுக்கு ஒட்டுப்பாலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மரத்துக் கோட்டில் உறைந்து கிடப்பதை உரித்தெடுத்து, மங்கில் ஒட்டியதைச் சுரண்டிச் சேர்த்துக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்தவர்கள் நாம். மிஞ்சியதற்கும் விலை உண்டு என்று அறிந்தவர்கள். ஒட்டுப்பாலுக்கு இருந்த மதிப்பு ஒட்டுத் துணிக்கும் உண்டு. அதைப் பொழுதுபோக்காகவும் கைவேலையாகவும் எப்படிச் செய்வது என்பதே இன்றைய பேச்சு.

துண்டுத் துணிகளை ஒரு கணக்கோடு வெட்டி, ஒன்றோடு ஒன்று இணைத்து, கையளவான ஒரு சதுரம் தைப்பது. அப்படிப்பட்ட சதுரங்கள் பல சேர்ந்ததும் போர்வையாக்குவது. மேலை நாடுகளில் இந்தப் போர்வையைக் 'குவில்ட்' என்பார்கள். துண்டுத் துணிக்கு மலாய்க்காரர்கள் 'காயின் பெர்ச்சா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு 'கந்தா' என்ற போர்வை செய்கிறார்கள். நம் திருவிழாத் தேரில் நீள் உருளையாகத் தொங்கும் தொம்பையைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு துணிமேல் பல வண்ணத் துணிகளை வெட்டி வைத்துத் தைக்கும் வேலைதான். ஆகவே இது நமக்கு முற்றிலும் புதிய கலை அன்று.

"அதெல்லாம் சரி, எங்களுக்கு நேரம் ஏது?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்து, வேலைக்கு ஓடி, திரும்பி வந்து துணி துவைத்து, பிள்ளைகளின் பள்ளிப் பாடத்தையும் பார்க்கிறவள் போர்வை தைப்பது எப்போது?

நியாயமான கேள்வி. நானே இதில் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் கட்டிலுக்கு அளவான பெரிய விரிப்பு ஒன்றை ஒரே மூச்சில் தைத்துவிடலாம் என்று இறங்கினேன். வீட்டுக் கூடம் முழுவதும் துணியைப் பரப்பினேன். ஒவ்வொரு முறையும் பரப்பவும் மடிக்கவுமே பாதி நேரம் போயிற்று. இரண்டு மாதம் கழித்து அது பாதித் தையலோடு மூட்டைக்குள் போய்விட்டது. பிறகு சைக்கிளுக்கு மூடு துணியாயிற்று.

சிறிய சதுரத்தில் இந்தத் தொல்லை கிடையாது. தையல் முழுவதும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிடும். சோறு கொதிக்கும் நேரத்தில் ஒரு பக்கம் தைக்கலாம். மருத்துவமனை வரிசையில் காத்திருக்கும்போது இன்னொரு பக்கம் தைக்கலாம். பிள்ளை அழுதால் டின்னை மூடிவிட்டு எழுந்து போகலாம். வாரக் கடைசியில் பார்த்தால் கையில் முழுமையான ஒரு வேலை இருக்கும். வீட்டு வேலைக்கு முடிவே கிடையாது. கழுவிய தட்டு நாளைக்கும் அழுக்காகும். தைத்து முடித்த சதுரமோ அப்படியே இருக்கும். களைத்துப் போன மனத்துக்கு அதுவே பெரிய ஆறுதல்.

இனி எந்தச் சதுரத்தில் தொடங்குவது என்று பார்ப்போம். வழக்கத்தில் எத்தனையோ வகைகள் உண்டு. நான் இன்று உங்களுக்குச் சொல்லப்போவது, தேன்கூட்டு அறை போன்ற ஆறு பக்கத் துண்டுகள் ஏழைச் சேர்த்துச் செய்யும் பூ. ஆங்கிலேயப் பெண்கள் இதைப் 'பாட்டியின் பூந்தோட்டம்' என்ற அழகான பெயரால் அழைக்கிறார்கள். தையல் இயந்திரம் தேவையில்லை. ஊசியும் நூலும் போதும். கணக்குப் பாடம் படிக்கும் உங்கள் மகனும் மகளும் கூடவே உட்கார்ந்து உதவலாம்.

இந்தப் பூவை நான் தேர்ந்தெடுத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அங்கிருந்த ஐரோப்பியக் குடும்பங்களைச் சாங்கி சிறையில் அடைத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் பிள்ளைகளும் வேறொரு பக்கம். அந்தச் சிறைக்குள் எலிசபெத் என்னிஸ் என்ற தாதி, எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பெண் பிள்ளைகளைச் சேர்த்துச் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். அவருடைய பிறந்த நாளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். கடை இல்லை, காசு இல்லை, வயிறார உணவும் இல்லை. கிடைத்த துண்டுத் துணிகளைச் சேர்த்து, அவருக்குத் தெரியாமல் இந்த ஆறு பக்கப் பூக்களைத் தைத்து, ஒரு போர்வையாக்கிக் கொடுத்தார்கள். அந்தப் போர்வை இன்றும் இலண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறைக்குள் அரைவயிற்றுப் பிள்ளைகள் தைத்த பூவை நம்மால் தைக்க முடியாதா? அதே சிறையில் நடந்த மற்றொரு செய்தியும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வேலையைக் கற்றுக்கொள்வோம். பென்சிலும் தாளும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் துணி. பருத்தித் துணியாகப் பாருங்கள். நூல் சேலை, பாத்திக், கைலி, பருத்திச் சட்டை எல்லாம் ஏற்றவை. வழுக்கும் துணியும் இழுத்தால் நீளும் பனியன் துணியும் புதியவர்களுக்குத் தொல்லை தரும். பருத்தியா, நைலான் கலந்ததா என்று சந்தேகமா? ஓர் இழையை உருவி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று, இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியானால் தாள் எரிந்த வாடை வரும், சாம்பல் உதிரும். நைலானோ பாலியெஸ்டரோ ஆனால் உருகிக் கட்டியாகும். இந்தச் சோதனையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், பிள்ளைகளிடம் விடாதீர்கள்.

எந்தத் துணியானாலும் முதலில் துவைத்து, காய வைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். புதுத் துணி சுருங்கும். சிவப்பும் கருநீலமும் சாயம் போகும். துவைக்காமல் தைத்துவிட்டால், முதல் சலவையிலேயே வெள்ளைத் துணி எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். நைந்த பாகத்தை ஒதுக்கிவிடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எங்கே நைந்திருக்கிறது என்று தெரியும்.

அடுத்தது அச்சு. பிள்ளைகளின் பெட்டியில் இருக்கும் கவராயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் விரித்து, பழைய பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு வட்டம் போடுங்கள். கவராயத்தை மூடாமல், விரித்த அளவை மாற்றாமல், அதன் முள்ளை வட்டக் கோட்டின்மேல் ஓர் இடத்தில் ஊன்றி, அந்தக் கோட்டிலேயே ஒரு குறி போடுங்கள். அந்தக் குறியில் முள்ளை ஊன்றி அடுத்த குறி. இப்படியே சுற்றி வந்தால் சரியாக ஆறாவது குறியில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேருவீர்கள். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். கணக்குப் பாடம் கையிலேயே விளங்கும். ஆறு குறிகளையும் அடிக்கோல் வைத்து நேர்க்கோடுகளால் இணைத்து வெட்டி எடுத்தால் அதுதான் அச்சு. அதன் ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் இருக்கும்.

இந்த அட்டை அச்சை வைத்துப் பழைய பயிற்சிப் புத்தகத் தாளில் ஏழு துண்டுகள் வரைந்து வெட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அட்டையை வைத்தே வரைய வேண்டும். வெட்டிய தாளை வைத்து அடுத்த தாளை வரைந்தால், ஒவ்வொன்றும் மயிரிழை பெரிதாகிக்கொண்டே போகும். ஏழாவது துண்டு முதல் துண்டோடு பொருந்தாது.

இப்போது துணியை வெட்டலாம். தாளைத் துணியின் உள்பக்கத்தில் வைத்து, சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். இதழுக்கு ஒரே வகைத் துணியில் ஆறு, நடுவுக்கு வேறு நிறத்தில் ஒன்று. மஞ்சள் நடுவும் சிவப்பு இதழும் பொருந்தும். பூப்போட்ட துணி இதழானால் நடுவுக்கு ஒரே நிறத் துணி நன்றாக இருக்கும்.

தாளைத் துணியின் நடுவில் வைத்து, கூடுதலாக விட்ட ஓரத்தைத் தாளின்மேல் மடித்து, ஒவ்வொரு பக்கமாக நீளத் தையலால் ஓட்டிக்கொண்டே வாருங்கள். ஊசி துணியிலும் தாளிலும் சேர்ந்து இறங்க வேண்டும். மூலைகளை நகத்தால் கீறிக் கூராக மடியுங்கள். இந்தத் தையல் பிறகு பிரித்துவிடுவதற்கு; அழகு பார்க்க வேண்டாம். ஆறு பக்கமும் முடிந்தால், தாளை உள்ளே வைத்துக் கட்டிய சின்ன வில்லை மாதிரி இருக்கும். ஏழையும் இப்படியே செய்துகொள்ளுங்கள்.

இனிமேல்தான் உண்மையான தையல். நூல் ஒரு முழம் போதும். நீள நூல் கோத்தால் அடிக்கடி கோக்க வேண்டியதில்லை என்று நினைப்போம். ஆனால் அது முறுக்கிச் சிக்கிக்கொள்ளும். சிக்கெடுக்கும் நேரத்தில் இரண்டு முறை கோத்துவிடலாம். நடுத் துண்டையும் ஓர் இதழையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி முகத்தோடு முகம் வைத்து, ஒரு பக்கத்து விளிம்புகளை ஒன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசியை விளிம்பைச் சுற்றிச் சுற்றி எடுத்துத் தையுங்கள். ஒவ்வொரு தடவையும் மடிப்பின் நுனியில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் ஊசி பிடித்தால் போதும். தாளைத் தொடக்கூடாது. ஓர் அங்குலத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து தையல் வரலாம். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே இடத்தில் இரண்டு தையல் போட்டு இறுக்குங்கள். விரித்துப் பார்த்தால் இரண்டு துண்டும் பக்கத்தில் பக்கம் உட்கார்ந்திருக்கும்.

இதே போல் நடுத் துண்டின் ஆறு பக்கங்களிலும் ஆறு இதழ்களைச் சேர்த்த பிறகு, இதழுக்கும் இதழுக்கும் இடையில் இருக்கும் ஆறு பக்கங்களை இணைக்க வேண்டும். அப்போது தாள் இலேசாக மடியும், மடியட்டும். மொத்தம் பன்னிரண்டு சிறிய தையல்கள். தினம் இரண்டு தைத்தால் ஆறு நாளில் பூ மலர்ந்துவிடும்.

இஸ்திரிப் பெட்டியால் பின்பக்கமாக அழுத்துங்கள். பிறகு நீளத் தையலைப் பிரித்துத் தாள்களை உருவுங்கள். கிழியாத தாளைப் பத்திரப்படுத்தினால் அடுத்த பூவுக்கு ஆகும். ஏழு அங்குலச் சதுரமாக ஒரு வெள்ளைத் துணி வெட்டி, நான்காக மடித்து நடு இடத்தைக் கண்டு, பூவின் நடுவை அங்கே வைத்துக் குண்டூசி குத்துங்கள். பூ ஏறத்தாழ ஐந்தேகால் அங்குலம் இருக்கும். பூவின் ஓரம் முழுவதையும் சிறு தையலால் வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டால் சதுரம் முடிந்தது.

புதிதாகக் கற்றவர்கள் செய்யும் மூன்று தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். பூவின் நடுவில் சின்ன ஓட்டை விழுந்தால் மூலைகள் சரியாகச் சேரவில்லை என்று பொருள். தொடக்கத் தையலை மூலையின் நுனியிலிருந்தே எடுக்க வேண்டும். பூ தட்டையாகக் கிடக்காமல் கிண்ணம் போல் குழிந்தால், தாள்கள் ஒரே அளவில் இல்லை. அல்லது நூலை மிகவும் இழுத்திருக்கிறீர்கள். தாள் உருவ வரவில்லையானால் ஊசி தாளையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. எதற்கும் பதற வேண்டாம். ஓர் அங்குலத் தையலைப் பிரித்துத் தைக்க ஐந்து நிமிடம்தான் ஆகும். சிறிய வேலையின் நன்மை இதுவும்தான்; தவறும் சிறியதாகவே இருக்கும்.

கண் மங்கிய பெரியவர்கள் பகல் வெளிச்சத்தில் தையுங்கள். ஊசி கோக்கும் வேலையைப் பேரப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஐந்தாறு ஊசிகளில் முன்னமே கோத்து வைத்துவிட்டால் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணி டின்னில் போடுங்கள். தரையில் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இது மிக முக்கியம்.

ஒரே ஒரு சதுரம் தைத்தீர்களா? ஓரத்தை மடித்துத் தைத்தால் தண்ணீர்க் கூஜாவுக்கு மூடு துணி. நான்கு தைத்தீர்களா? பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு சிறிய தலையணைக்கு முகப்பு. முப்பத்தாறு தைத்தீர்களானால், ஆறு ஆறாக ஆறு வரிசை சேர்த்து, மூன்று அடிக்கு மூன்று அடி, ஒரு குழந்தைப் போர்வை. சதுரங்களைச் சேர்க்கும்போது ஓரத்தில் அரை அங்குலம் தையலுக்குள் போவதால், ஏழு அங்குலத் துணி ஆறு அங்குலமாகிவிடும். நம் ஊர் வெக்கைக்கு உள்ளே பஞ்சு வைக்க வேண்டாம். பின்பக்கத்துக்குப் பழைய நூல் சேலை ஒன்றை, சுற்றிலும் இரண்டு அங்குலம் பெரிதாக வெட்டி வைத்து, இரண்டையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுங்கள். கூடுதலாக இருக்கும் சேலை ஓரத்தை முன்பக்கம் மடித்துத் தைத்தால் கரை கட்டியதாகிவிடும்.

வாரம் ஒரு சதுரம் என்றால் முப்பத்தாறு வாரம். வீட்டில் மகளோ மருமகளோ முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தவுடன் தொடங்குங்கள். பேரப் பிள்ளை பிறக்கும்போது போர்வையும் பிறந்துவிடும்.

தனியாகத் தைப்பதைவிடச் சேர்ந்து தைப்பது இன்னும் நல்லது. தோட்டத்து லயத்து வாசலானாலும், தோட்டத்தை விட்டு வந்த பிறகு குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளமானாலும், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு பெண்கள் உட்கார்ந்தால் போதும். துணியை மாற்றிக்கொள்ளலாம். உங்களிடம் மிஞ்சிய பச்சைத் துணி பக்கத்து வீட்டு அக்காவின் பூவுக்கு இலையாகும். ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்கலாம். தோட்டங்கள் பல விற்கப்பட்டு, ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்ட காலம் இது. பழைய முகங்கள் மறுபடியும் ஒன்றாக உட்கார இது ஒரு காரணமாகட்டும். ஆண் பிள்ளைகளையும் விரட்டாதீர்கள். ஊசி பிடிக்கத் தெரிந்த பையன் நாளைக்குத் தன் சட்டைப் பொத்தானைத் தானே தைத்துக்கொள்வான்.

இப்போது, சொல்வதாகச் சொன்ன அந்த மற்றொரு செய்திக்கு வருகிறேன்.

அதே சாங்கி சிறையில், அதே 1942ஆம் ஆண்டில், எதல் மல்வேனி என்ற கனடா நாட்டுப் பெண் ஒருவர் இருந்தார். சிறைப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஆறு அங்குலச் சதுரமாக வெள்ளைத் துணி கொடுத்து, அவரவர் மனத்தில் இருப்பதை அதில் பூத்தையலாகத் தைத்து, தம் பெயரையும் தைக்கச் சொன்னார். அப்படி வந்த சதுரங்களை, போர்வைக்கு 66 வீதம், மூன்று போர்வைகளாகச் சேர்த்தார்கள். அவற்றைக் காயம்பட்டவர்களின் மருத்துவமனைகளுக்கு என்று கொடுத்தார்கள். காயம்பட்ட ஜப்பானியருக்கும் ஒன்று. ஆண்கள் முகாமுக்குக் கடிதம் எழுத அந்தப் பெண்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் போர்வை போகலாம். போர்வையில் பெயர் இருந்தது. மனைவியின் பெயரைத் தையலில் பார்த்த கணவனுக்கு, அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி அதில் கிடைக்கும். அந்தப் போர்வைகளில் இரண்டு இன்று ஆஸ்திரேலியாவில் கன்பெரா நகரப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. மூன்றாவது இங்கிலாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. தைத்தவர்களின் பெயர்களை இன்றும் படிக்கலாம்.

இந்தச் செய்தியை நான் முதலில் அறிந்தபோது என் பாட்டியின் நினைவுதான் வந்தது. அதே ஜப்பான்காரர் காலத்தில் என் பாட்டி ஒரு பால் மரத் தோட்டத்து லயத்தில் இருந்தார். தாத்தாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மலாயாவின் தோட்டங்களிலிருந்து அப்படிப் போன பல்லாயிரம் தமிழர்களில் அவர் ஒருவர். திரும்பி வராதவர்களிலும் ஒருவர். துணி கிடைக்காத காலம். கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. தாத்தா விட்டுப்போன ஒரே சட்டையைப் பாட்டி வெட்டி, அப்போது பத்து வயதுச் சிறுமியாக இருந்த என் அம்மாவின் பாவாடைக் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டாராம். "முன்பக்கம் முழுக்க எங்கப்பா சட்டைதான்" என்று அம்மா சொல்வார். அந்தப் பாவாடையும் நைந்து போயிற்று. பாட்டி தைத்தது எதுவும் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை. அவரிடம் வெள்ளைத் துணியைக் கொடுத்து, உன் பெயரைத் தைத்து வை என்று சொல்ல யாரும் இருக்கவில்லை.

நான் இந்தப் பூவைத் தைக்கக் கற்றுக்கொண்டபோது அம்மாவுக்கு வயதாகிவிட்டிருந்தது. மரம் வெட்டிக் காய்த்த கை. ஊசி பிடித்தால் நடுங்கும். இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பூவுக்குத் துணி தேர்ந்தெடுத்தார். தம் பழைய நீலச் சேலையைத்தான் எடுத்தார். ஒன்றிரண்டு பக்கம் தாமே தைத்தார். தையல் கோணல்தான்; நான் பிரிக்கவில்லை. "இதில் உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள், நான் அதன்மேல் தைக்கிறேன்" என்று பென்சிலைக் கொடுத்தேன்.

"எம் பேரு எதுக்கும்மா? எங்கப்பா பேரப் போடு" என்றார்.

கைரேகை வைத்துக்கொண்டிருந்தவர், வயது வந்த பிறகுதான் கையெழுத்துப் போடக் கற்றவர். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கேட்டு, வெள்ளைத் துணியின் மூலையில் எழுதினார். நான்கே எழுத்து. அதன்மேல் நான் சிவப்பு நூலால் தைத்தேன். என் தாத்தாவின் பெயர் எழுதப்பட்ட இடம், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். இப்போது அம்மாவும் இல்லை. அந்தச் சதுரம் முப்பத்தாறில் ஒன்றாக எங்கள் வீட்டுப் போர்வையில் இருக்கிறது. பேரப் பிள்ளைகள் அதைத் தடவிப் பார்த்து "இது யார்?" என்று கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன்.

ஆகவே, தாய்மார்களே, தங்கைமார்களே, கடைசியாக ஒன்று சொல்கிறேன். உங்கள் சதுரத்தின் மூலையில் ஒரு பெயரைத் தையுங்கள். எழுத்தைப் பென்சிலால் எழுதிக்கொண்டு, அந்தக் கோட்டின்மேலேயே ஊசியை ஓரடி முன்னும் அரையடி பின்னுமாக எடுத்துப் பின்தையல் போட்டால், எழுத்து அறுபடாமல் வரும். இரண்டு இழை நூல் போதும். உங்கள் பெயராக இருக்கட்டும். உங்கள் தாயின் பெயராக இருக்கட்டும். நீங்கள் பிறந்த தோட்டத்தின் பெயராகவும் இருக்கட்டும். அந்தத் தோட்டம் இன்று வீட்டு மனையாகிப் போயிருக்கலாம். அதன் பெயர் உங்கள் துணியில் இருக்கும்.

இன்று மாலை அந்த மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். ஏழு துண்டு வெட்ட அதில் துணி இருக்கும். ஓர் ஊசி, ஒரு முழம் நூல், பிள்ளையின் கவராயம். முதல் பூ கோணலாக வந்தாலும் பிரித்துப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது பூ வந்த பிறகு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.